வாட்ஸ்அப், அன்கி, ஏஐ: ஆங்கில வகுப்பில் எது நின்றது, எது கழன்றது

வட சென்னையில் தண்டையார்பேட்டை, ராயபுரம், காசிமேடு பக்கம் மாலை நேர ஆங்கில வகுப்பு நடத்துபவர்கள் "எந்த ஆப் நல்லது" என்று தேடுவதற்கு முன் ஒவ்வொரு மாணவரிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: போன் யாருடையது, எத்தனை மணிக்குக் கைக்கு வரும்? ஒன்பதாவது படிக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் சொந்த போன் கிடையாது. அப்பா வேலை முடிந்து வந்து சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் கிடைக்கும். தினம் 1.5 ஜிபி பேக் என்றால் அதற்குள் யாராவது ரீல்ஸ் பார்த்தே தீர்த்திருப்பார்கள். நள்ளிரவு தாண்டினால்தான் டேட்டா மறுபடி வரும். விசைப்படகில் தங்கல் (பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிப்பது) போகும் வீடுகளில் போனும் கடலுக்குப் போய்விடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் அந்தப் பிள்ளைகளுக்குப் பகலிலும் போன் கிடைக்கும். கோடை விடுமுறையும் அதே நேரம்தான் என்பதால் புதிதாக எதையாவது பழக்க அதைவிட நல்ல காலம் இல்லை.

ஆகவே இங்கே சொல்லப்போகும் மதிப்பீடெல்லாம் 3 ஜிபி ரேம் உள்ள, பலர் கை மாறும், மெமரி நிரம்பி வழியும் ஆண்ட்ராய்டு போனை வைத்துத்தான். அளவுகோல் ஒன்றே ஒன்று. ஆசிரியர் வாய் திறக்கும் முன் மாணவரே தன் தவறைக் கண்டுபிடிக்க அந்தக் கருவி இடம் கொடுக்கிறதா? கொடுக்காவிட்டால் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அது இன்னொரு நோட்ஸ்தான்.

அந்த வகையில் பல வருடப் புழக்கத்துக்குப் பிறகும் முதலிடம் வாட்ஸ்அப் குரல் பதிவுக்கே. தனியாக எதையும் இறக்க வேண்டாம், டேட்டா அதிகம் தின்னாது, அம்மாவுக்கும் தெரிந்த ஆப். பலர் கவனிக்காத வசதி ஒன்று அதில் இருக்கிறது. மைக்கை அழுத்தி மேலே தள்ளிப் பூட்டினால் கையை எடுத்துவிட்டுப் பேசலாம். நிறுத்தி, அனுப்பும் முன் கேட்டுப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் குப்பைத் தொட்டியை அழுத்தி அழித்துவிட்டு மறுபடி பேசலாம். கற்றல் நடப்பது அந்த இடத்தில்தான், ஆசிரியருக்கு வந்து சேரும் பதிவில் அல்ல.

செய்முறை இப்படி: ஒரே விஷயத்தை மூன்று தடவை பேச வேண்டும். முதலில் 90 விநாடி, அடுத்து 60, கடைசியில் 45. கீத் மாரிஸ் 1983இல் எழுதிய, பிறகு மொழி கற்பித்தல் அறிஞர் பால் நேஷன் பரவலாக்கிய 4/3/2 முறையின் சுருங்கிய வடிவம் இது. அவர்கள் முறையில் ஒரே பேச்சை நான்கு, மூன்று, இரண்டு நிமிடங்களில் வேறு வேறு ஆட்களிடம் சொல்வார்கள். நேரம் குறையக் குறைய "அது வந்து" என்ற இழுவை கழன்று வாக்கியம் நேராகும். எழுதி வைத்துப் படிக்கக் கூடாது. ஒரு தாளில் ஐந்து சொற்கள் மட்டும் குறித்துக்கொள்ளலாம். முதல் பதிவையும் மூன்றாவதையும் அனுப்பினால் போதும். முதல் பதிவை அனுப்ப எல்லோருக்கும் கூச்சம்தான். ஆனால் அது இல்லாவிட்டால் எங்கிருந்து எங்கே வந்தோம் என்று அவர்களுக்கே தெரியாது.

தலைப்புதான் பாதி வேலை. "மை ஃபேமிலி" கொடுத்தால் மனப்பாடம் வரும். கேரம் ஆடத் தெரியாத ஒருவருக்கு ஆட்டத்தை ஆங்கிலத்தில் விளக்கச் சொன்னால் யாரும் ஒப்பிக்க முடியாது. ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, ஒரு ரெட்டு. ரெட்டைப் போட்டால் உடனே ஃபாலோ (அதாவது தன் காய் ஒன்று) போட வேண்டும், இல்லையென்றால் ரெட்டு மறுபடி நடுவுக்கு வரும். இதைச் சொல்ல 'இஃப்', 'அன்லெஸ்', 'அஃப்டர்' மூன்றும் தானாக வந்தாக வேண்டும். இலக்கணப் பாடத்தில் கண்டிஷனல் நடத்த ஒரு வாரம் ஆகும்; இங்கே தெருமுனையில் போர்டு போட்டு ஆடுகிற பையன் அதைத் தன் தேவைக்காகவே தேடுவான். 2024இல் கேரம் வீராங்கனை காசிமா அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற பிறகு பெண்பிள்ளைகளும் இந்தத் தலைப்பை விரும்பி எடுக்கிறார்கள்.

பதில் சொல்லும் விதத்தில்தான் ஆசிரியர்கள் கோட்டை விடுகிறோம். தவறு, திருத்தம் இரண்டையும் பேசி அனுப்பினால் மாணவர் 'ஓகே மிஸ்' என்று போட்டுவிட்டு மறந்துவிடுவார். முதல் படியில், பதிவில் தவறு வரும் நேரத்தையும் அதன் வகையையும் மட்டும் அனுப்பலாம்: "0:23, டென்ஸ்". அடுத்த படியில் "0:23" மட்டும். அதற்கடுத்து "மூன்று இடம் இருக்கு". கடைசியில் மாணவரே பதிவோடு சேர்த்துத் தான் சந்தேகப்படும் நேரங்களை எழுதி அனுப்ப வேண்டும். இந்தப் படிகளைத் தாண்ட ஒரு பிள்ளைக்கு இரண்டு மாதம் ஆகலாம், இன்னொன்றுக்கு ஒரு வருடம் ஆகலாம். எல்லோரையும் ஒரே நாளில் அடுத்த படிக்கு ஏற்றினால் பாதிப் பேர் பதிவு அனுப்புவதையே நிறுத்திவிடுவார்கள்.

சில்லறைத் தொல்லைகளும் உண்டு. எண்ணூர் விரைவுச் சாலைப் பக்கம் கண்டெய்னர் லாரிச் சத்தத்தில் பதிவு கேட்காது. மொட்டை மாடிக்குப் போனால் கடல் காற்று மைக்கில் 'உஸ்' என்று அடிக்கும். காற்றுக்கு முதுகு காட்டி நின்று போனின் அடிப்பாகத்தைக் கையால் லேசாக மறைத்தால் பாதி சரியாகும். ஆசிரியர் பதிவுகளை 1.5 அல்லது 2 மடங்கு வேகத்தில் கேட்கக் கூடாது. 'வாக்ட்' என்பதை 'வாக்கெட்' என்கிறார்களா, கடைசி 'ஸ்' விழுகிறதா, 'பஸ்' என்பதற்குப் பின்னால் ஒரு 'உ' ஒட்டுகிறதா என்பதெல்லாம் அந்த வேகத்தில் காதுக்கு எட்டாது. வகுப்புக் குழுவில் குரல் பதிவு போடச் சொல்லவும் கூடாது. பெண்பிள்ளைகளின் குரல் எங்கெங்கோ ஃபார்வேர்ட் ஆகும், அதற்குப் பிறகு வீட்டில் அனுமதி கிடைக்காது. மாணவரும் ஆசிரியரும் மட்டும் உள்ள இரண்டு பேர் குழு ஒன்று தனியாக இருக்கட்டும். மெமரி நிரம்பி வீட்டில் யாராவது எல்லாவற்றையும் அழித்தாலும் பழைய பதிவுகள் ஆசிரியர் போனில் மிஞ்சும்.

குரலைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வசதி, அதாவது ஜிபோர்டு விசைப்பலகையில் உள்ள மைக், உச்சரிப்புச் சோதனைக்கு நன்றாக உதவும், ஆனால் ஏமாற்றவும் செய்யும். முழு வாக்கியமாகப் பேசினால் அது முன்பின் சொற்களைப் பார்த்து ஊகித்துவிடும். 'ஃபேன்' என்பதைப் 'பேன்' என்று சொன்னாலும் பக்கத்தில் 'சீலிங்' இருந்தால் சரியாகவே எழுதிக் கொடுக்கும். பிள்ளை தன் உச்சரிப்பு சரி என்று நினைத்துக்கொள்ளும். எனவே இரண்டு சொற்களுமே பொருந்துகிற குறுகிய வாக்கியம்தான் சோதனைக்கு ஆகும்: "வேர் இஸ் மை ஃபேன்?", "வேர் இஸ் மை பேன்?" ஐந்து முறை மாற்றி மாற்றிச் சொல்லி, திரையில் எத்தனை சரியாக விழுகிறது என்று மாணவரே மதிப்பெண் போட்டுக்கொள்ளலாம். மொழி அமைப்பில் ஆங்கிலம் (இந்தியா) தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். அமெரிக்க ஆங்கிலத்தில் வைத்தால் நம் ஊர்ப் பேச்சைத் தேவையில்லாமல் தப்பு என்று காட்டும். ஒருமுறை வைஃபையில் மொழிக்கோப்பை இறக்கி வைத்தால் டேட்டா இல்லாத நேரத்திலும் வேலை செய்யும்.

இதற்கு இவ்வளவு மெனக்கெடக் காரணம் உண்டு. ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதிப் படிக்கும் பழக்கம் இங்கே வேரூன்றியது. அப்படி எழுதினால் சட்டைக்கு மேல் போடும் கோட்டும் நான்கு கால் ஆடும் ஒன்றாகிவிடும். க, ட, ப மூன்றுக்கும் ஒலிப்பு வேறுபாட்டை நம் எழுத்து காட்டாது. ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகங்களில் அடைப்புக்குள் தமிழில் உச்சரிப்பு போடுவதை நம்பிப் படித்தவர்களுக்கு இந்த மைக் சோதனைதான் முதல் அதிர்ச்சி. தேவையான அதிர்ச்சி.

சொற்களைக் கார்டாகப் போட்டுத் திருப்பிப் பார்க்க வைக்கும் அன்கி ஆப் பற்றிப் பலரும் புகழ்ந்து எழுதிவிட்டார்கள். ஆண்ட்ராய்டில் இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும், மறக்கப்போகும் நேரம் பார்த்துச் சொல்லைக் காட்டும். நம் வகுப்புகளில் அது பாதிக்கும் குறைவானவர்களிடமே நிலைக்கிறது. காரணம் அமைப்பில் இருக்கிறது. புதுக் கார்டு ஒரு நாளைக்கு 20 என்பதுதான் அதில் முதலிலிருந்தே இருக்கும் அளவு. அப்படியே விட்டால் சில வாரங்களில் தினமும் திருப்பிப் பார்க்க வேண்டியவை நூற்றைம்பதைத் தாண்டும். காலாண்டுத் தேர்வுக்கு பத்து நாள் விட்டுவிட்டுத் திறந்தால் குவிந்து கிடக்கும் எண்ணிக்கையைப் பார்த்தே மூடிவிடுவார்கள். முதல் நாளே 5 ஆகக் குறையுங்கள். தேர்வு வாரத்தில் 0 ஆக்கிவிட்டுப் பழையதை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு தப்பு கண்ணுக்குத் தெரியாதது. விடை மறந்துபோனால் 'அகெய்ன்' அழுத்த வேண்டும். 'ஹார்ட்' என்பது கஷ்டப்பட்டாவது நினைவு வந்தவர்களுக்கு. மறந்தவர்கள் வெட்கப்பட்டு 'ஹார்ட்' அழுத்தினால், தெரிந்த சொல் என்று எண்ணி அன்கி அதை இன்னும் தள்ளிப் போடும். சொல் ஒருபோதும் மனதில் நிற்காது, பழி ஆப் மேல் விழும். எட்டு முறை மறந்த கார்டை அதுவே தனியாகக் குறித்துவிடும், அமைப்பைப் பொறுத்து ஒதுக்கியும் வைக்கும். அந்தக் கார்டைத் திரும்ப உள்ளே தள்ளாமல் வேறு வாக்கியத்தில் புதிதாக எழுதச் சொல்வதே நல்லது.

மற்றவர் செய்த ஆயிரம் சொல் தொகுப்பை இறக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மணலிப் பக்கம் கண்டெய்னர் யார்டில் வேலைக்குச் சேர்ந்த ஒருவருக்குத் தேவையானது அவர் மெயிலில் நேற்று வந்த சொல். கார்டின் முன்பக்கம் அவர் எழுத வேண்டிய வாக்கியம், ஒரு சொல் மட்டும் காலியாக: "தி ஷிப்மென்ட் வாஸ் ... பை கஸ்டம்ஸ்." பின்பக்கம் 'ஹெல்டு அப்', கூடவே தமிழில் 'நிறுத்தி வெச்சுட்டாங்க'. இப்படி வாரம் பத்து கார்டு தானே எழுதினால் போதும். போனே கிடைக்காதவர்களுக்கு செபாஸ்டியன் லைட்னர் 1972இல் விளக்கிய பெட்டி முறை இருக்கிறது: செருப்புப் பெட்டியில் ஐந்து அறை, சரியானால் அடுத்த அறை, தப்பானால் முதல் அறை. எங்கள் பக்கத்தில் இன்னும் அது அன்கியை விட அதிக நாள் தாங்குகிறது.

கூகுள் டிரான்ஸ்லேட்டைத் தடுத்துப் பயனில்லை. கேமராவைக் காட்டிப் பாடத்தைத் தமிழாக்கிக்கொள்வார்கள், அவ்வளவுதான். திருப்பிப் பயன்படுத்தினால் வேலைக்காகும்: தான் எழுதிய ஆங்கிலத்தைத் தமிழாக்கிப் பார்த்து, நினைத்த பொருள் வருகிறதா என்று சோதிப்பது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு என்றால் "வந்துகினு இருக்காரு" போன்ற நம் பேச்சில் அது பெரும்பாலும் தடுமாறும். 'அவர்' பெண்ணாக இருந்தாலும் ஆணாக்கிவிடும். அந்தத் தடுமாற்றத்தைக் கண்டுபிடிக்கச் சொல்வதே ஒரு நல்ல பயிற்சி.

யூடியூபில் ஒரு வேலை மட்டும்: 40 விநாடித் துண்டு, 0.75 வேகம், கேட்டதை எழுது, பிறகு சப்டைட்டிலோடு ஒப்பிடு. மெட்ரோவில் விம்கோ நகர் வரை போகிறவர்கள் ஆங்கில அறிவிப்பையே எழுதிப் பார்க்கலாம், டேட்டா செலவே இல்லை.

ஏஐ அரட்டைக் கருவிகள்தான் இப்போதைய தலைவலி. சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்ததிலிருந்து எழுதிக் கொண்டுவரும் பத்திகள் திடீரென்று மின்னுகின்றன. "கரெக்ட் பண்ணு" என்று சொன்னால் அது முழுப் பத்தியையும் வேறு ஆளின் ஆங்கிலமாக மாற்றிக் கொடுக்கும். மாணவருக்கு எந்தச் சொல் ஏன் மாறியது என்று தெரியாது. பதிலாக இப்படிக் கட்டளை கொடுக்கலாம்: திருத்தி எழுதாதே, ஒவ்வொரு வாக்கியத்திலும் எத்தனை தவறு என்று மட்டும் சொல், நான் இரண்டு முறை முயன்ற பிறகு விளக்கு. தமிழிலேயே தட்டச்சு செய்தாலும் புரிந்துகொள்ளும். நாலைந்து பதிலுக்குப் பிறகு கட்டளையை மறந்து பழையபடி திருத்தத் தொடங்கும், மறுபடி ஒட்ட வேண்டும்.

அதைவிட மோசம், தவறே இல்லாத வாக்கியத்திலும் கேட்டதற்காக ஒரு தவறைக் கண்டுபிடித்துச் சொல்லும். எனவே ஐந்து வாக்கியம் கொடுத்தால் அதில் ஒன்று அகராதியிலிருந்தோ பாடநூலிலிருந்தோ எடுத்த சரியான வாக்கியமாக இருக்க வேண்டும். அதையும் தப்பு என்றால் அன்றைய பதில் முழுவதையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு சாட்ஜிபிடி கிடையாது, 18 வரை பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் விதியிலேயே இருக்கிறது.

கருவி எதுவானாலும் முடிவெடுக்கும் உரிமை மாணவர் கைக்கு மாறாவிட்டால் தன்னிச்சைக் கற்றல், அதாவது தன் படிப்புக்குத் தானே பொறுப்பேற்பது, வராது. மொழிக் கல்வி ஆய்வாளர் ஹென்றி ஹோலெக் 1981இல் இதை இப்படிப் பிரித்துக் காட்டினார்: இலக்கைத் தீர்மானிப்பது, பாடத்தையும் வரிசையையும் தீர்மானிப்பது, முறையைத் தேர்வது, நடப்பதைக் கண்காணிப்பது, முடிவை மதிப்பிடுவது. ஐந்தையும் ஒரே நாளில் ஒப்படைத்தால் பத்தாவது படிக்கும் பிள்ளை திணறிப்போகும். முதலில் நேரத்தை மட்டும் தீர்மானிக்கட்டும். பிறகு தலைப்பு. திங்கள்கிழமை ஒரு சீட்டில் மூன்று வரி: இந்த வாரம் என்ன, போன் எப்போது கையில், முடிந்ததென்று எப்படித் தெரியும். "இங்கிலீஷ் இம்ப்ரூவ் பண்ணுவேன்" என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். "சூப்பர்வைசர்கிட்ட லாரி ஏன் லேட்டுன்னு நாலு வாக்கியத்துல நிக்காம சொல்லுவேன்" என்றால் ஏற்கலாம், அதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமை பதிவே சாட்சி.

வீட்டாரைச் சேர்க்காவிட்டால் இதெல்லாம் ஒரே வாரத்தில் நிற்கும். "மிஸ், படிக்கிறாளா, போன நோண்டுறாளா தெரியலியே" என்று கேட்கும் அம்மாவிடம் விளக்கம் சொல்வதைவிட அந்தப் பிள்ளையின் ஜூன் மாதப் பதிவையும் ஆகஸ்ட் மாதப் பதிவையும் அடுத்தடுத்து ஓட விடுவது மேல். ஆங்கிலம் தெரியாதவருக்கும் தயக்கம் குறைந்தது கேட்கும்.

ஆசிரியரின் சுமையைக் கணக்குப் போட்டுத்தான் இறங்க வேண்டும். 25 பேர் தினமும் இரண்டு பதிவு அனுப்பினால் கேட்பதற்கே கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், பதிலுக்கு இன்னொரு மணி. இரண்டாவது வாரமே பதில் தாமதமாகும், மூன்றாவது வாரம் பதிவு வராது. ஒருவருக்கு வாரம் ஒரு முறை, ஒரு நாளைக்கு நான்கைந்து பேர் என்று முறை வைத்தால் வருடம் முழுக்கத் தாங்கும்.