இலவச முகாமுக்கு 286 டாலர் கட்டி ஏமாந்தேன், நீங்களும் சிக்காதீர்கள்

ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். அடங்கிவிட்டால் "போகட்டும், 286 டாலர்தானே" என்று நானே விட்டுவிடுவேன். என்னை ஏமாற்றிய ஆட்கள் பிழைப்பு நடத்துவதே அதை வைத்துத்தான்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், மினியாபொலிஸ் பக்கம். அப்பாவும் அம்மாவும் மதுரையிலிருந்து வந்து இரண்டு மாதமாகிறது. கோயில், கடை, பேரனின் பள்ளிக்கூடம் என்று பார்த்து அலுத்துப்போய், "காட்டுக்குள்ளே ஒரு ராத்திரி கூடாரத்துல தங்கணும்டா" என்றார் அப்பா. சரி, வடக்கே சுப்பீரியர் தேசிய வனம் இருக்கிறதே, ஜூலை 4 விடுமுறைக்கு அங்கே போகலாம் என்று முடிவு செய்தேன். முடிவு செய்தது ஜூன் நடுவில். இங்கே கோடை விடுமுறைக்கு முகாம் இடம் பிடிப்பவர்கள் குளிர்காலத்திலேயே பிடித்துவிடுவார்கள். ரெக்ரியேஷன் டாட் கவ் என்ற அரசாங்கத் தளத்தில் தேடினால் எல்லாமே நிரம்பியிருந்தது.

அப்போதுதான் அந்தத் தளம் கண்ணில் பட்டது. பெயரைச் சொல்லப் போவதில்லை. முகாம் இடங்களைப் பிடித்துத் தருவதாகச் சொல்லும் இடைத்தரகர் தளம், பார்க்க அச்சு அசல் அரசாங்கத் தளம் மாதிரியே பச்சையும் பழுப்புமாக இருக்கும். பேக்கர் ஏரி முகாம், மொத்தமே ஐந்து இடங்கள், அதில் மூன்றாம் எண் காலியாக இருக்கிறது என்று காட்டியது. பனிமூட்டத்தோடு ஏரிப் படம், கரையில் பிர்ச் மரங்கள். அதோடு, "கூடாரத்தை நாங்களே போட்டு வைத்திருப்போம், நீங்கள் பையோடு வந்தால் போதும்" என்று ஒரு வரி. வயதானவர்களை வைத்துக்கொண்டு கம்பியும் கயிறுமாக மல்லுக்கட்ட வேண்டாமே என்று அந்த வரியில் விழுந்துவிட்டேன்.

அப்போதும் முழுதாக நம்பிவிடவில்லை. போன் நம்பர் கொடுத்திருந்தார்கள், கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே ஒரு பெண் எடுத்தார். அவ்வளவு பொறுமை. யார் யார் வருகிறீர்கள் என்று கேட்டார். அம்மாவுக்கு முழங்கால் வலி என்று சொன்னதும், "அப்படியானால் கழிவறைக்குப் பக்கத்து இடமாகவே தருகிறேன், இரவில் அவர் அதிகம் நடக்க வேண்டாம்" என்றார். கரடி வருமா என்று கேட்டதற்குச் சிரிக்காமல் பதில் சொன்னார். நான் விழுந்தது அந்த முழங்கால் பேச்சில்தான். ஏமாற்றுகிறவள் எதற்கு என் அம்மா நடக்கும் தூரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்?

கணக்கு இது. இரண்டு இரவுக்கு இடம் 76, கூடார வாடகை 130, உணவு வைக்கக் கரடிப் பாதுகாப்புப் பெட்டி 68, சேவைக் கட்டணம் 44. ஆக 318. கிரெடிட் கார்டு வேண்டாம், போன் நம்பருக்கு நேராகப் பணம் அனுப்பும் செயலி வழியாகக் கட்டினால் 32 டாலர் தள்ளுபடி என்றார். 286 அனுப்பினேன். அந்த 32 டாலருக்கு ஆசைப்பட்டதை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமை கிளம்பினோம். டூலூத் தாண்டி 61ஆம் நெடுஞ்சாலையில் சுப்பீரியர் ஏரியை ஒட்டியே போகும் பாதை, அப்பா கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. டோஃப்டி என்ற சின்ன ஊரில் இடதுபக்கம் திரும்பி, காட்டுக்குள் ஏறும் சாலை. சற்று நேரத்திலேயே போன் சிக்னல் போய்விட்டது. முகாமுக்குப் போய்ச் சேரும்போது மணி எட்டரை இருக்கும். வடக்கே ஜூலையில் அந்த நேரத்துக்கும் வெளிச்சம் இருக்கும்.

மூன்றாம் எண் கம்பத்துக்குப் பின்னால் நீலக் கூடாரம் ஒன்று நின்றது. "பாருங்கப்பா, சொன்ன மாதிரியே போட்டு வச்சிருக்காங்க" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு பைகளோடு போனேன். உள்ளிருந்து நாய் குரைத்தது.

வெளியே வந்தவர் எழுபது வயது மதிக்கத்தக்கவர். அவருடைய கூடாரம். புதன்கிழமையே வந்துவிட்டாராம். நான் நீட்டிய ரசீதைப் படித்துவிட்டு என்னையே ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு தோளைத் தொட்டு நுழைவுப் பலகைக்கு அழைத்துப் போனார். இந்த முகாமுக்கு முன்பதிவே கிடையாது, முதலில் வருபவருக்கு இடம், கட்டணமும் இல்லை. எல்லாம் அந்தப் பலகையிலேயே இருந்தது. இலவசமாகக் கிடைக்கும் இடத்துக்கு, அதுவும் யாராலும் பிடித்துத் தர முடியாத இடத்துக்கு, 286 டாலர் கட்டியிருக்கிறேன்.

ஐந்து இடத்திலும் ஆட்கள். கொசு என்றால் அப்படி ஒரு கொசு, மகன் அழ ஆரம்பித்துவிட்டான். ஏரியிலிருந்து லூன் பறவை கத்தியது. கேட்டிராதவர்களுக்கு அது யாரோ ஒப்பாரி வைப்பது மாதிரியே இருக்கும். அம்மா பயந்துபோய்க் காருக்குள் உட்கார்ந்துகொண்டார். அந்தப் பெரியவர் பக்கத்திலிருக்கும் கிரசென்ட் ஏரி முகாமைப் பார்க்கச் சொன்னார். அங்கும் நிரம்பியிருந்தது. நெடுஞ்சாலைக்கு இறங்கினால் விடுதிகளிலும் இடமில்லை. கடைசியில் ஒரு கேஸ் ஸ்டேஷன் ஓரமாகக் காரை நிறுத்தி, கட்டிக்கொண்டு வந்த புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தபடியே தூங்கினோம். விடியற்காலையில் அம்மா கேட்டார்: "அந்தப் பொண்ணு என் முழங்காலைப் பத்தி அவ்வளவு கேட்டாளேப்பா?"

அப்புறம் நடந்த கூத்துதான் என்னை இன்னும் எரிக்கிறது. சனிக்கிழமை சிக்னல் கிடைத்ததும் தளத்தின் அரட்டைப் பெட்டியில் எழுதினேன். "உங்கள் பொறுமைக்கு நன்றி, 48 மணி நேரத்தில் தொடர்புகொள்வோம்." திங்கட்கிழமை நானே கூப்பிட்டால் வேறு குரல். நீங்கள் தவறான முகாமுக்குப் போயிருக்கலாம், படம் இருக்கிறதா என்றது. பலகையையும் மூன்றாம் எண் கம்பத்தையும் எடுத்த படங்களை அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது: "வன நிலவரத்தைப் பொறுத்து இடம் மாறக்கூடும் என்று விதிமுறையில் உள்ளது." வன நிலவரமாம்! கூடாரம் எங்கே என்று கேட்டேன். அதற்குப் பதிலே இல்லை. பெரிய மனசு பண்ணி, அடுத்த முன்பதிவில் கழித்துக்கொள்ள 40 டாலர் கூப்பன் தருகிறோம் என்றார்கள். அதன் பிறகு அந்த நம்பர் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆளில்லை. வங்கியைக் கேட்டால், "நீங்களே விரும்பி அனுப்பிய பணம், எங்களால் திருப்ப முடியாது" என்கிறார்கள்.

அன்று ஊர் திரும்பும் வழியில் டோஃப்டியிலிருக்கும் வனத்துறை அலுவலகத்திலும் கேட்டிருந்தேன். மேசையில் இருந்தவர் அன்பாகவே பேசினார். தேசிய வனத்தில் யார் தொழில் நடத்தினாலும் வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும், அப்படி ஒரு நிறுவனத்தை இங்கே யாரும் கேள்விப்பட்டதில்லை என்றார். வரைபடம் ஒன்றை இலவசமாகக் கொடுத்தார். 286 டாலருக்கு என் கைக்கு வந்தது அந்த வரைபடம்தான்.

எப்படியெல்லாம் ஜாக்கிரதையாக இருப்பது என்று விளக்கமாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேசிய வன முகாமுக்கு முன்பதிவு என்றால் முதலில் ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் பாருங்கள். முகவரி டாட் கவ் என்று முடிகிறதா என்று பாருங்கள். அதில் ஒரு சின்ன முகாமுக்கு முன்பதிவு வசதி இல்லையென்றால் வேறு யாராலும் பிடித்துத் தர முடியாது, வியாழக்கிழமையே போய் நின்றால்தான் உண்டு. சந்தேகமிருந்தால் வனத்துறை அலுவலகத்துக்கு ஒரு போன். முன்பின் தெரியாதவர்களுக்குச் செயலியில் பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள், கார்டில் கட்டினால் வங்கியிடம் முறையிடவாவது வழியுண்டு.

அந்தத் தளம் இன்னும் ஓடுகிறது, அதே ஏரிப் படத்தோடு. அதைப் பார்த்து நீங்களோ தெரிந்தவர்களோ பணம் கட்டியிருந்தால் எனக்குச் சொல்லுங்கள். ரசீது, உரையாடல், பலகையின் படம் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. நான் புகார் எழுத உட்கார்ந்துவிட்டேன்.