அயான் குரோமட்டோகிராஃபி: காலம் (column) 30 டிகிரி செல்சியஸா, 50 டிகிரியா?

அயான் குரோமட்டோகிராஃபின்னா தண்ணில இருக்கிற அயான்களை (சார்ஜ் உள்ள துகள்களை) காலம்ங்கிற குழாய் வழியா ஓட்டி, பிரிச்சு அளக்குறது. அந்தக் குழாயைச் சுத்தி இருக்கிற ஓவனை சூடாக்கினா எல்லா பீக்கும் (கிராஃப்ல ஒவ்வொரு அயானுக்கும் வர்ற மேடு) சீக்கிரம் வந்துடும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா அயான் எக்ஸ்சேஞ்ச்ல (அயான்கள் காலத்துக்குள்ள ஒட்டி ஒட்டி விலகிப் பிரியிற முறை) அப்படி நடக்காது, ஒவ்வொரு அயானும் ஒவ்வொரு மாதிரி போகும்.

50ல முதல்ல தெரியிற லாபம் பிரஷர்தான். தண்ணியோட விஸ்காசிட்டி (பிசுபிசுப்பு) 30 டிகிரில சுமார் 0.80 மில்லிபாஸ்கல் செகண்ட், 50ல 0.55, அதனால அதே ஃப்ளோல பிரஷர் கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு குறையும், டிஃப்யூஷனும் (அயான்கள் தானா பரவுறது) வேகமாகுறதால பீக் ஷார்ப்பா வர வாய்ப்பு அதிகம். ஐயோடைடு, தயோசயனேட், பெர்குளோரேட் மாதிரி காலத்தை விடவே மாட்டேன்னு ஒட்டிக்கிட்டு வாலோட வர்ற அயான்களுக்கு 50 ரொம்பவே நல்லது, சீக்கிரம் வெளிய வரும்.

சல்ஃபேட், பாஸ்ஃபேட் பக்கம் வந்தா கதை தலைகீழ். டபுள் சார்ஜ் அயான்கள் சூட்டுல பெரும்பாலும் இன்னும் லேட்டாதான் வரும், ரன் டைம் நீளும், சில சமயம் ரெண்டு பீக் இடம் மாறி ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்துடும். அதனால குளோரைடு, நைட்ரேட், சல்ஃபேட்னு ரெகுலரா தண்ணி சாம்பிள் பாக்குறவங்க 30லயே இருங்க, நான் அதைத்தான் சொல்லுவேன். காலம் குழாயோட ஆயுசும் கூடும்.

50க்கு போறதுனா காலம் மேனுவல்ல மேக்ஸிமம் டெம்பரேச்சர் பாத்துட்டு போங்க, ஸ்டாண்டர்டு (அளவு தெரிஞ்ச ஒப்பீட்டு சாம்பிள்) எல்லாம் புதுசா ஓட்டணும். எதுல வச்சாலும் அயானை அளக்குற டிடெக்டர் செல் டெம்பரேச்சர் ஆடக்கூடாது, ஏன்னா அது அளக்குற கண்டக்டிவிட்டி (மின்சாரம் கடத்துற திறன்) ஒரு டிகிரிக்கு சுமார் 2% மாறும்.