டபுள் எக்ஸ் 7222: ஒரு சுருள், இரண்டே முக்கால் நிமிடம்

கறுப்பு வெள்ளைக் குறும்படத்தை ஒரே நாளில் எடுக்க கோடாக் டபுள் எக்ஸ் 16 எம்எம் பிலிம் வாங்கினேன். 1959-இல் வந்த சரக்கு, இன்னமும் கிடைக்கிறது. நூறு அடிச் சுருள் நொடிக்கு 24 பிரேமில் இரண்டே முக்கால் நிமிடத்தில் தீர்ந்துவிடும். அந்த பயத்திலேயே எல்லாரும் ஒத்திகையை ஒழுங்காகப் பார்த்தார்கள்!

காலையில் ஒரு சொதப்பல். நாயகிக்குச் சிவப்புச் சட்டை, பின்னால் பச்சைச் செடி. கண்ணுக்கு அருமையாக இருந்தது. கைபேசியைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பார்த்தால் சட்டையும் செடியும் ஒரே சாம்பல். தலை மட்டும் தனியாக மிதந்தது. சரி என்று சிவப்பு பில்டர் போட்டேன். சட்டை வெளுத்தது, இலை கறுத்தது, ஆள் பிரிந்து நின்றாள். ஆனால் மூன்று ஸ்டாப் வெளிச்சம் போச்சு, அதாவது எட்டில் ஒரு பங்குதான் மிச்சம். பகலில் இந்த பிலிமின் ஒளி உணர்திறன் 250 ஐஎஸ்ஓ என்பதால் வெயிலில் சமாளித்தேன்.

உள்ளே டங்ஸ்டன் விளக்கில் 200தான். ஒளி அளக்கும் மீட்டரை அதற்கு மாற்ற மறந்தது என் தப்பு, கழுவி வந்தபோது பாதகமில்லை. குருணை, அதாவது படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகள், கொஞ்சம் தூக்கலாகத் தெரிகிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. வழவழப்பு வேண்டுமென்றால் டிஜிட்டலுக்கே போய்விடுங்கள். அடுத்த படத்துக்கும் இதுதான், நான்கு சுருள் கூடுதலாக.