கண்ணாடி அடுப்பெல்லாம் இண்டக்ஷன் அல்ல

கடையின் பெயரை யாரும் கேட்க வேண்டாம், சொல்லப்போவதில்லை. அந்த ஒரு கடையைத் தவிர்த்துவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்ற விஷயமும் இல்லை இது. என்னை ஏமாற்றியவர் பெரிய பொய் எதையும் சொல்லவில்லை. ‘மாதிரி’ என்று ஒரு சொல்லைப் போட்டார், அவ்வளவுதான்.

சமையலறையைப் புதுப்பிக்கும்போது கேஸ் அடுப்பை எடுத்துவிட்டு இண்டக்ஷன் வைப்பது என்று முடிவு செய்திருந்தேன். அழகுக்காக இல்லை. அம்மாவுக்கு மறதி தொடங்கியிருந்தது. இரண்டு முறை அடுப்பை எரியவிட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். ஒருமுறை பால் பொங்கித் தீ அணைந்து, கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்தது. நான் வாசனை பிடித்து ஓடி வந்தேன். பாத்திரத்தை எடுத்தால் தானாக நின்றுவிடும் அடுப்பு உண்டு என்று கேள்விப்பட்ட பிறகுதான் இண்டக்ஷன் யோசனையே வந்தது.

கடைக்குப் போனால் சுவர் முழுக்கக் கறுப்புக் கண்ணாடி. எல்லாமே ஒரே முகம். பாத்திரம் வைக்க எனக்கு இரண்டு வட்டம் போதும், இண்டக்ஷன் காட்டுங்கள் என்றேன். அம்மாவின் கதையையும் சொன்னேன். விற்பனையாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றைக் காட்டினார்.

“இதுவும் இண்டக்ஷன் மாதிரிதான் மேடம். சொல்லப்போனால் அதைவிட வசதி. அதில் எல்லாப் பாத்திரமும் ஆகாது. இதில் அலுமினியம், செம்பு, மண்பாத்திரம், வீட்டில் என்ன இருக்கிறதோ அதை வைக்கலாம். விலையும் கம்மி.”

அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்காததற்குக் காரணம், இண்டக்ஷன் எப்படி வேலை செய்கிறது என்று நான் தெரிந்துகொள்ளவே இல்லை. பெயர் மட்டும் தெரியும்.

இப்போது தெரியும், சொல்கிறேன். இண்டக்ஷனில் கண்ணாடிக்கு அடியில் தட்டையாகச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள் இருக்கும். அதில் ஓடும் மின்சாரம் நொடிக்கு 20,000 தடவைக்கு மேல் திசை மாறும். அதனால் மேலே ஒரு காந்தப் புலம் உண்டாகி, அதுவும் அதே வேகத்தில் மாறிக்கொண்டே இருக்கும். அந்தப் புலத்துக்குள் இரும்புத் தன்மையுள்ள அடிப்பாகம் வந்தால், அந்த உலோகத்துக்குள்ளேயே சுழல் மின்னோட்டம் கிளம்பி அது சூடாகிறது. அதாவது சூடாவது பாத்திரம். கண்ணாடிக்கு வரும் சூடு பாத்திரம் திருப்பிக் கொடுப்பதுதான். பாத்திரம் இல்லையென்றால் சூடும் இல்லை. வெறும் அடுப்பைப் போட்டால் ஒரு குறி மினுக்கிவிட்டுச் சிறிது நேரத்தில் அணைந்துவிடும்.

சாதாரண இண்டக்ஷனில் அலுமினியமும் செம்பும் ஆகாததற்குக் காரணம், அவற்றுக்கு அந்த இரும்புத் தன்மை இல்லாததுதான். அந்த இரண்டையும் சூடாக்கும் தனி ரக மாடல்கள் சில இருக்கின்றன, ஆனால் மண்ணைச் சூடாக்கும் இண்டக்ஷன் கிடையவே கிடையாது. மின்சாரம் பாயாத பொருளில் சுழல் மின்னோட்டம் எங்கிருந்து வரும்? “மண்பாத்திரம்கூட வைக்கலாம்” என்று அவர் சொன்னபோதே அது இண்டக்ஷன் இல்லை என்று அவரே சொல்லிவிட்டார். கேட்கத் தெரியாதது நான்.

எனக்கு விற்றது செராமிக் ஹாப். (ஹாப் என்றால் மேடையில் துளை வெட்டிப் பதிக்கும் அடுப்பு.) அதே கறுப்புக் கண்ணாடிதான். கீழே சுருளுக்குப் பதிலாக, சிவக்கச் சூடாகும் கம்பிப் பட்டை. அந்தச் சூடு கண்ணாடியைத் தாண்டி மேலே வந்து பாத்திரத்தைத் தொடுகிறது. கண்ணாடியும் நன்றாகக் காய்கிறது. கடையில் போட்டுக் காட்டியிருந்தால் பத்தே நொடியில் குட்டு வெளிப்பட்டிருக்கும். காட்டச் சொல்லிக் கேட்டேன். “காட்சிக்கு வைத்ததற்கு லைன் கொடுக்கவில்லை மேடம்” என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் பொருத்திய அன்று இரவு முதல்முறை போட்டோம். வட்டம் செக்கச்செவேல் என்று ஆனது. அம்மா, “என்னடி இது, நெருப்பு வரக் கூடாது என்றுதானே மாற்றினாய்?” என்றார். எனக்கும் திக்கென்றது, ஆனாலும் இதுதான் இண்டக்ஷன் போலிருக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் சிவப்பு அணைந்தது, மறுபடி வந்தது, மறுபடி அணைந்தது. பழுது என்று நினைத்தேன். பழுது இல்லை. குறைந்த சூட்டில் வைத்தால் இந்த வகை அடுப்பு விட்டு விட்டுத்தான் எரியும். மூன்றாம் நாள் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, பாத்திரத்தை இறக்கிவிட்டு, அதே வட்டத்தின் மேல் பிளாஸ்டிக் மூடியை வைத்தார். மூடி உருகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. ஓரத்தில் ‘எச்’ என்று ஒரு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. இன்னும் சூடாக இருக்கிறது, தொடாதே என்று அர்த்தமாம். மறதி உள்ளவர்கள் அதைப் பார்த்துப் பொருள் புரிந்துகொள்வார்கள் என்று எதிர்பார்க்க முடியுமா?

செராமிக் ஹாப் மட்டமான பொருள் என்று நான் சொல்லவில்லை. அதையும் சொல்லியாக வேண்டும். பழைய பாத்திரங்களை மாற்ற முடியாதவர்களுக்கு அது நல்லது. இரைச்சல் இல்லை, விலை குறைவு. இண்டக்ஷனைவிடச் சூடேற நேரமாகும், அணைத்த பிறகு ஆற நேரமாகும், அவ்வளவுதான். ஆனால் நான் என்ன தேவைக்காகக் கேட்கிறேன் என்று முழுக்கச் சொன்ன பிறகு, அந்தத் தேவைக்கு நேர் எதிரான பொருளை எடுத்துக் கையில் கொடுத்தார். என் ஆத்திரம் அதில்தான்.

திருப்பிக் கொடுக்கப் போனேன். மேலாளர் பில்லைக் காட்டினார். மாடல் எண்ணுக்குப் பின்னால் பொடி எழுத்தில் ‘செராமிக்’ என்று இருந்தது. “நாங்கள் எழுதித்தானே கொடுத்திருக்கிறோம்?” விற்பனையாளரைக் கூப்பிட்டார்கள். “நான் இண்டக்ஷன் என்று சொல்லவில்லையே, மாதிரி என்றுதானே சொன்னேன்” என்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். உபயோகித்த பொருள், பொருத்திய பொருள் என்று விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு, மீதிக்கு வேறு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். இரண்டு வட்ட இண்டக்ஷன் கையிருப்பில் இல்லையாம். நான்கு வட்டம்தான் இருக்கிறதாம். கூடுதல் பணம் கட்டினேன். மேடையில் வெட்டிய துளையைப் பெரிதாக்கினார்கள். (துளையைப் பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது. 60 செ.மீ. ஹாப்புக்குப் பெரும்பாலும் 56-க்கு 49 செ.மீ. துளை வேண்டும். ஆனாலும் பொருள் வந்து, அதன் தாளில் உள்ள அளவைப் பார்க்காமல் யாரையும் கல்லில் கை வைக்க விடாதீர்கள்.)

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். இரண்டாவது கூத்து அப்புறம்தான் ஆரம்பித்தது.

பழைய இரண்டு வட்ட ஹாப் 3 கிலோவாட். அது 16 ஆம்பியர் இணைப்பில் ஓடியது. புதியது 7.4 கிலோவாட். 230 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 32 ஆம்பியர். பொருத்த வந்தவர் அதைப் பார்க்கவே இல்லை. பழைய பிளக்கைக் கழற்றிப் புது வயரில் மாட்டி, அதே சாக்கெட்டில் செருகினார். “நான்கையும் ஒன்றாகப் போடாதீர்கள், ஒன்றும் ஆகாது” என்றார். இரண்டைப் போட்டாலே பிரேக்கர் விழுந்தது. மேலே தூக்கிவிட்டு மறுபடி போட்டோம், மறுபடி விழுந்தது. ஒரு வாரத்தில் கருகல் வாசனை. பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தால் ஒரு பின் பழுப்பேறி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் இளகியிருந்தது.

பயந்துபோய் எனக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் பிளக்கைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, “இதை மாட்டியவர் யார்?” இவ்வளவு பெரிய ஹாப்புக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன் வேண்டும், 32 ஆம்பியர் பிரேக்கரும் அதைத் தாங்கும் கனத்தில் வயரும் வேண்டும் என்றார். அப்புறம் கையேட்டைப் புரட்டி, இந்த ஹாப் மொத்தமாக எடுக்கும் மின்சாரத்துக்கு உச்சவரம்பு வைக்கும் வசதி இருப்பதைக் கண்டுபிடித்தார். பல மாடல்களில் இது இருக்கிறதாம். வரம்பைக் குறைத்து வைத்துவிட்டால், இரண்டு வட்டம் போட்டாலும் ஹாப் தானே பங்கு பிரித்துக்கொள்ளும், மெதுவாகச் சூடேறும், வயர் தப்பிக்கும். சாக்கெட்டையும் பிளக்கையும் மாற்றிவிட்டு, புது லைன் இழுக்கும்வரை அப்படித்தான் ஓட்டினோம். பொருத்த வந்தவர் செய்திருக்க வேண்டிய ஐந்து நிமிட வேலை அது.

பாத்திரக் கதை இன்னொன்று. எவர்சில்வர் என்றால் ஆகும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை எடுத்து ஒவ்வொன்றின் அடியிலும் வைத்துப் பார்த்தால், பாதியில் ஒட்டவே இல்லை. நிக்கல் அதிகம் கலந்த எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது. பளபளப்பும் விலையும் கூடுதலாக இருப்பவைதான் பெரும்பாலும் அந்த ரகம். நல்ல பாத்திரங்கள் எல்லாம் ஓரம்கட்டப்பட்டு, மலிவான இரண்டு அடுப்பில் ஏறின. சிலவற்றில் அடியின் நடுவில் மட்டும் ஒட்டியது. அவற்றில் நடு கருகும், ஓரம் பச்சையாகவே இருக்கும்.

இதைக் கடையில் சொன்னபோது சிரித்துக்கொண்டே ஒரு இரும்புத் தட்டை விற்றார்கள். இதை வைத்து அதன்மேல் எந்தப் பாத்திரத்தையும் வைக்கலாமாம். வேலை செய்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இப்போது தட்டு சூடாகிறது, தட்டு பாத்திரத்தைச் சூடாக்குகிறது. அதாவது நான் காசு கழித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த அதே அடுப்பு! பாத்திரத்தை எடுத்தாலும் தட்டு கீழே இருப்பதால் ஹாப் நிற்பதில்லை. அம்மாவுக்காக வாங்கிய அந்த ஒரு வசதியும் போயிற்று. நான்காவது நாள் தட்டு அளவுக்கு மீறிக் காய்ந்து, ஹாப் ஏதோ ஒரு பிழை எண்ணைக் காட்டி அணைந்துகொண்டது. கையேட்டில் இப்படிப்பட்ட தட்டு பயன்படுத்தக் கூடாது என்று படத்தோடு போட்டிருக்கிறது. தட்டு இப்போது பூந்தொட்டிக்கு அடியில்.

தம்பிக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், அவன் கேஸ் அடுப்பை விடாதவன். வட்டமான அடியுள்ள பாத்திரத்தில் தூக்கிப் புரட்டிச் சமைப்பவன். அப்படிப்பட்டவர்களுக்குக் கேஸ்தான் சரி, அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவனுக்கு விற்ற ஹாப்பில் இருந்தது குழாய் எரிவாயுவுக்கான ஜெட், அதாவது கேஸ் வெளிவரும் சிறு துளையுள்ள பாகம். அவன் வீட்டில் இருப்பது சிலிண்டர். சிலிண்டர் கேஸுக்கு அழுத்தமும் எரியும் சக்தியும் அதிகம், அதன் ஜெட் துளை சிறியதாக இருக்க வேண்டும். பெரிய துளையில் விட்டதும் தீ உயரமாக, மஞ்சளாக எரிந்து, பாத்திரமெல்லாம் கரி. மஞ்சள் தீ என்றால் கேஸ் முழுதாக எரியவில்லை, கார்பன் மோனாக்சைடு வரலாம். பாத்திரம் கறுப்பதோடு போகிற விஷயமில்லை. ஜெட்டை மாற்றியதும் நீலமாகிவிட்டது. தீ அணைந்தால் கேஸைத் தானே நிறுத்தும் வசதி உள்ள ஹாப்பும் கிடைக்கிறது. முன்பே தெரிந்திருந்தால் அம்மாவுக்கு நானும் அதையே யோசித்திருப்பேனோ என்னவோ.

இப்போது யாராவது அடுப்பு வாங்கப் போகிறேன் என்றால் நான் விடுவதில்லை. லைன் கொடுத்த ஒன்றைப் பாத்திரம் வைக்காமல் போட்டுக் காட்டச் சொல், சிவந்தால் இண்டக்ஷன் இல்லை என்பேன். பெட்டியின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டு, ஹாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டில் வாட்ஸ் எவ்வளவு என்று படித்து, கடைக்காரரிடம் கேட்காமல் உன் எலக்ட்ரீஷியனிடம் அதைக் காட்டு என்பேன். இண்டக்ஷனுக்குள் காற்றாடி ஓடும், அடியில் இழுப்பறை இருந்தால் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று கேள் என்பேன். வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் இருந்தால், வாங்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை.

அம்மாவுக்கு இந்தத் தொடு பொத்தான்கள் இன்னும் பிடிபடவில்லை. ஈரக் கையால் தொட்டால் அது பீப் பீப் என்று கத்துகிறது, அவர் அதைத் திட்டுகிறார். ஆனால் பாத்திரத்தை இறக்கிவிட்டு நடந்துவிட்டால் தானாக அணைகிறது.

கழித்துக்கொண்ட பணத்துக்காக எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். முதல் ஹாப் வருவதற்கு முந்தைய நாள் விற்பனையாளருக்கு வாட்ஸ்அப்பில், “நாளை வருவது இண்டக்ஷன்தானே?” என்று கேட்டிருந்தேன். அவர் பதிலுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தை அனுப்பியிருந்தார். அதைப் படம்பிடித்துப் புகாரோடு சேர்த்தேன். போன வாரம் கடையிலிருந்து பதில் வந்தது. செய்தியைப் பார்த்துவிட்டேன் என்பதற்காகத்தான் அந்தக் கட்டைவிரலாம்.