அல்கோன்குவினுக்கு மோட்டர் ஹோம் எடுக்கப்போகும் மூத்தவர்களே, கவனம்

இலைகள் நிறம் மாறத் தொடங்கினால் ரொறன்ரோப் பக்கத்தில் ஓய்வுபெற்று இருக்கிற எங்கள் ஆட்களுக்கு ஒன்ராறியோவின் அல்கோன்குவின் பார்க் ஞாபகம் வந்துவிடும். அந்த ஆசையை வைத்தே வயது போனவர்களிடம் காசு பிடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். போன ஒக்டோபரில் நானும் மனைவியும், நண்பரும் அவருடைய மனைவியுமாகப் போய்ப் பட்ட பாட்டை எழுதுகிறேன். இந்த வருசம் போக நினைக்கிறவர்கள் தயவுசெய்து முழுவதையும் வாசியுங்கள்.

படுத்துச் சமைக்க வசதியுள்ள அந்த மோட்டர் ஹோம் வாகனத்தை வாடகைக்குத் தந்தவர் தமிழர். வாய்க்கு வாய் "அங்கிள், அன்ரி" என்றுதான் கதைப்பார். வாகனமும் தருவாராம், பார்க்கில் மின் இணைப்புள்ள இடத்தையும் அவரே பிடித்துத் தருவாராம், நாங்கள் சமைத்துச் சாப்பிட்டுப் படுத்தெழும்பினால் போதுமாம். மொத்தச் செலவு இவ்வளவுதான் என்று ஒப்பந்தத்தில் எழுதியும் தந்தார். பிணைப்பணம் உட்பட எல்லாவற்றையும், வங்கிக் கணக்கிலிருந்து நேரே காசு அனுப்புகிற இ-ட்ரான்ஸ்பரில் அனுப்பச் சொன்னார். கார்ட் மெசின் பழுதாம்.

மத்தியானம் தருவதாகச் சொன்ன வாகனத்தை, இருட்டுகிற நேரம் பார்த்து மழைக்குள் கொண்டுவந்து விட்டார். பின் பம்பரில் நீளமாக ஒரு கீறல். மனைவி ரோச் அடித்துக் காட்டினார். "அது பழசு அன்ரி, அதைப்பற்றி யோசியாதேங்கோ" என்றார்.

மறுநாள் போன வழியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. டோர்செற் கோபுரம், ராகெட் நீர்வீழ்ச்சி, பிறகு பார்க்குக்குள் 56 கிலோமீற்றர் ஓடுகிற 60ஆம் நெடுஞ்சாலை. சுகர் மேப்பிள் மரங்களின் உச்ச நிறம் செப்ரெம்பர் கடைசியிலும் ஒக்டோபர் முதல் கிழமையிலும்தான். நாங்கள் போனபோது அது கொஞ்சம் தாண்டிவிட்டது. என்றாலும் மலைச்சரிவெல்லாம் அவ்வளவு வடிவு.

பின்னேரம் பார்க் அலுவலகத்தில்தான் முதல் அடி. எங்களிடம் இருந்த பதிவு இலக்கத்தைப் பார்த்த ஊழியர், இது மின் இணைப்பு இல்லாத இடம் என்றார். தாங்ஸ்கிவிங் விடுமுறை வார இறுதி. மாற்றித் தர வேறு இடமே இல்லை. மின் இணைப்புக்கென்று எங்களிடம் வாங்கிய மேலதிகக் காசு வாகனம் தந்தவருடைய பைக்குள் போய்விட்டது. தொலைபேசியில் கேட்டால், "ஹீற்றர் புரொப்பேனில்தான் வேலை செய்யும், கரன்ற் தேவையில்லை அங்கிள்."

இது பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. எரிவது புரொப்பேன்தான். ஆனால் சூட்டைத் தள்ளுகிற விசிறிக்கு வாகனத்தின் 12 வோல்ற் பற்றறி வேண்டும். அந்தப் பற்றறி செத்த பற்றறி. நடுச்சாமத்தில் விசிறி நின்றது. கொஞ்ச நேரத்தில் தரைக்குப் பக்கத்தில் பொருத்தியிருந்த வாயு எச்சரிக்கைக் கருவி கீச்சிடத் தொடங்கியது. வாயுக் கசிவோ, மின் குறைவோ, அந்த இருட்டில் எப்படித் தெரியும்? எல்லோரும் இறங்கி வெளியே நின்றோம். புல்லில் உறைபனி. நண்பரின் மனைவி இன்சுலின் எடுப்பவர். அது உறைந்து பழுதாகிவிடக் கூடாதென்று பேனாவைச் சுவெற்றருக்குள் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். ஜெனரேற்றர் ஒருமுறைகூட ஸ்ரார்ட் ஆகவில்லை. ஆளின் தொலைபேசியோ அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

விடிந்ததும் திரும்பி வந்து வாகனத்தை ஒப்படைத்தோம். கணக்கு வந்தது: பம்பர் கீறலுக்குக் காசு, கழிவுத் தாங்கி கழுவக் காசு, ஓடாத ஜெனரேற்றர் ஓடியதற்கு மணிக்கணக்கில் காசு! பிணைப்பணம் முழுவதையும் வைத்துக்கொண்டு, மேலும் தரவேண்டும் என்றார். அறுபத்தைந்து தாண்டிய நாலு பேரைக் குளிரில் நிற்க வைத்துவிட்டு, கொஞ்சமும் கூசாமல் கேட்டார்.

இதைவிடப் பயங்கரமானது பிறகு தெரிந்தது. அவர் தந்த இளஞ்சிவப்புக் காப்புறுதிச் சீட்டு சாதாரணத் தனிநபர் வாகனத்துக்குரியது. வாகனத்தை வாடகைக்கு விட்டால் அப்படியான காப்புறுதி பொதுவாகச் செல்லாது. வழியில் ஒரு மூஸ் (பெரிய காட்டு மான்) குறுக்கே வந்திருந்தால் எங்கள் நிலை என்ன? எனவே வாடகைக்கு விடுவதற்கான காப்புறுதிதானா என்று சீட்டிலுள்ள நிறுவனத்துக்கே அழைத்துக் கேளுங்கள்.

பார்க் இடத்தை ஒன்ராறியோ பார்க்ஸ் தளத்தில் உங்கள் பெயரிலேயே பதியுங்கள். ஐந்து மாதத்துக்கு முன்பே திறக்கும், காலை 7 மணிக்கே பிள்ளைகளை இருத்திச் செய்விக்கலாம். காசைக் கடன் அட்டையில் மட்டும் கொடுங்கள். இ-ட்ரான்ஸ்பர் அவருடைய கணக்கில் விழுந்துவிட்டால் உங்களால் மீட்க முடியாது. அட்டையென்றால் வங்கியிடம் முறையிடலாம். வாகனத்தைப் பகல் வெளிச்சத்தில் மட்டும் எடுங்கள், சுற்றிவர வீடியோ எடுங்கள். எந்த வயரும் செருகாமல் ஹீற்றரை அரை மணித்தியாலம் ஓடவிட்டுப் பற்றறி அளவு இறங்குகிறதா என்று பாருங்கள். அதற்கு நேரமில்லை என்கிறவரிடம் எடுக்காதீர்கள்.

ஏற்கெனவே மாட்டுப்பட்டவர்கள் மேலதிகக் காசைக் கொடுக்க அவசரப்படாதீர்கள். ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் மதிப்பீடு எழுதித் தந்த வியாபாரி அதைவிட 10 வீதத்துக்கு மேல் கூட்டி வாங்க முடியாது. முதலில் அவருக்கே எழுத்தில் கேளுங்கள், பிறகு மாகாண நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்கு இணையத்தில் முறைப்பாடு கொடுங்கள். நாங்களும் கொடுத்திருக்கிறோம். இதேபோலப் பிணைப்பணத்தைப் பறிகொடுத்தவர்கள் ஒப்பந்தத்தையும் இ-ட்ரான்ஸ்பர் பதிவையும் அழிக்காமல் வைத்திருந்து எனக்கு எழுதுங்கள். சின்ன வழக்குகளுக்கான நீதிமன்றத்துக்குப் போவது பற்றிச் சேர்ந்து கதைப்போம்.