தண்ணீரும் ஆவியும்: மார்த்தாண்டம் மாலை வேதபாட வகுப்பு பற்றிய மதிப்பீடு

மார்த்தாண்டத்தில் வாடகை மண்டபம் ஒன்றில் வெள்ளிக்கிழமை மாலைகளில் நடக்கும் வேதபாட வகுப்பைப் பற்றிய மதிப்பீடு இது. இரட்சிப்பில் ஞானஸ்நானம் (கத்தோலிக்கர் சொல்லும் திருமுழுக்கு), விசுவாசம், மறுபிறப்பு (தேவனால் உள்ளத்தில் புதிதாய்ப் பிறப்பது) ஆகிய மூன்றுக்கும் உள்ள தொடர்புதான் பாடப்பொருள். இறையியல் கல்லூரியில் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், எந்தச் சபையின் பெயரையும் பலகையில் போடாமல், ஒன்றரை மாதக் காலம் இதை நடத்துகிறார். கட்டணம் 300 ரூபாய். அச்சிட்ட குறிப்பேடும் இடைவேளைத் தேநீரும் அதில் அடங்கும். குறைகள் உண்டு என்றாலும், நம் மாவட்டத்துக் கிறிஸ்தவர்கள் கட்டாயம் உட்கார்ந்து கேட்க வேண்டிய வகுப்பு இது என்பதே என் கருத்து.

கட்டாயம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரே குடும்பத்துக்குள் அப்பா சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையிலும், மருமகள் மலங்கரைக் கத்தோலிக்கத் திருச்சபையிலும், இளைய மகன் பெந்தெகொஸ்தே சபையிலும் இருப்பது புதுமையல்ல. திருமணம் பேச உட்காரும்போதே "பிள்ளை ஞானஸ்நானம் எடுத்தாச்சா?" என்ற கேள்வி எழும், கேட்பவர் எந்தச் சபையோ, அதற்கேற்ப அந்தக் கேள்வியின் பொருளும் மாறும். தன் சபையின் பதிலை ஒவ்வொருவரும் மனப்பாடமாக அறிந்திருக்கிறோம், மற்றச் சபையின் பதிலையோ அவர்கள்மேல் சுமத்தும் குற்றச்சாட்டாக மட்டுமே அறிந்திருக்கிறோம். "நீங்கள் தண்ணீரை நம்புகிறீர்கள்" என்று ஒருவர் சொல்ல, "நீங்கள் உங்கள் தீர்மானத்தை நம்புகிறீர்கள்" என்று மற்றவர் சொல்ல, பேச்சு அங்கேயே நின்றுபோகிறது.

இந்த வகுப்பு அந்த இடத்திலிருந்து நம்மை நகர்த்துகிறது. முதல் பாடம் தொட்டியில் முழுக்குவதா தலையில் தண்ணீர் தெளிப்பதா என்ற வழக்கமான சச்சரவில் தொடங்கவில்லை. மறுபிறப்பு யாருடைய செயல் என்று ஆசிரியர் கேட்டார். தேவனுடைய செயல் என்று எல்லாச் சபையாரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். அப்படியானால் அவர் அதை எதன் வழியாகச் செய்கிறார், விசுவாசம் அதற்கு முன்பா பின்பா என்பதுதான் அவருடைய அடுத்த கேள்வி. யோவான் 3ஆம் அதிகாரத்தில் நிக்கொதேமுவிடம் இயேசு ஜலத்தினாலும் ஆவியினாலும் பிறப்பதைப் பற்றிச் சொன்னதையும், தீத்து 3:5இல் பவுல் மறுஜென்ம முழுக்கு என்று எழுதியதையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மரபும் இவ்விரு பகுதிகளை எப்படி வாசிக்கிறது என்பதை அந்தந்த மரபின் சொற்களிலேயே விளக்கினார்.

கத்தோலிக்கத் திருச்சபை, 1547இல் அதன் ஆயர்கள் கூடிய திரிதெந்து பொதுச்சங்கம் அறிவித்தபடி, மனிதன் நீதிமானாக்கப்படுவதற்குத் திருமுழுக்கைக் கருவியாகக் கொள்கிறது. அதே அறிவிப்பு திருமுழுக்கை விசுவாசத்தின் அருளடையாளம் என்றும் அழைப்பதை வகுப்பிலிருந்த கத்தோலிக்கர்களே பலர் அறிந்திருக்கவில்லை. ஜெர்மன் சீர்திருத்தவாதி லுத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில், வெறும் தண்ணீர் எதையும் செய்வதில்லை என்றும், தண்ணீரோடு இருக்கும் தேவவசனமும் அந்த வசனத்தைப் பற்றிக்கொள்ளும் விசுவாசமுமே செய்கின்றன என்றும் கற்பிக்கிறார். ஆகவே குழந்தையிடமும் தேவன் விசுவாசத்தை உண்டாக்க முடியும் என்பது லுத்தரன் சபையின் நிலைப்பாடு. கால்வின் வழிவந்த சீர்திருத்த மரபினர், 1618-19இல் நெதர்லாந்தில் கூடிய டார்ட் மாநாட்டின் போதனைப்படி, ஆவியானவர் முதலில் உயிர்ப்பிக்கிறார், அதன் பலனாகவே மனிதன் விசுவாசிக்கிறான் என்கிறார்கள். குழந்தை ஞானஸ்நானம் அவர்களுக்கு உடன்படிக்கையின் அடையாளமும் முத்திரையுமாகும், அதன் பலன் தண்ணீர் ஊற்றப்படும் அந்த நேரத்தோடு கட்டப்பட்டதல்ல. 1525 ஜனவரியில் சூரிக் நகரில் ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்ட அனபாப்திஸ்துகளும், பின்வந்த பாப்திஸ்துகளும், நம்மூர்ப் பெந்தெகொஸ்தே சபையாரில் பெரும்பாலோரும், விசுவாசித்தவனுக்கே முழுக்கு என்றும், அது கீழ்ப்படிதலும் அறிக்கையும் என்றும் கொள்கிறார்கள்.

லுத்தரன் நிலைப்பாட்டையும் சீர்திருத்த நிலைப்பாட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட மாலைதான் இந்த வகுப்பின் சிகரம். இரண்டு மரபும் கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு என்ற எபேசியர் 2:8ஐ உயிராகப் பிடித்திருக்கின்றன. இரண்டும் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கின்றன. ஆனாலும் கலக்கமுற்ற ஒரு விசுவாசி "நான் தேவனுடைய பிள்ளைதானா?" என்று கேட்கும்போது, லுத்தரன் போதகர் அவனை அவனுடைய ஞானஸ்நானத்துக்கே திரும்பிப் பார்க்கச் சொல்வார், சீர்திருத்தப் போதகரோ, ஞானஸ்நானம் எதைக் குறிக்கிறதோ அந்தக் கிறிஸ்துவைப் பற்றிக்கொள்ளும் விசுவாசம் அவனிடம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார். கோட்பாட்டின் நுண்ணிய வேறுபாடு, படுக்கையில் கிடக்கும் நோயாளியின் அருகே நிற்கும் போதகரின் வாய்ச்சொல்லையே மாற்றிவிடுகிறது என்பதை இவ்வளவு தெளிவாக நான் வேறெங்கும் கேட்டதில்லை.

அப்போஸ்தலர் நடபடிகளைக் கையாண்ட விதமும் நேர்மையானது. 2:38ஐ மட்டும் காட்டுவோர் ஒருபுறம், 10ஆம் அதிகாரத்தை மட்டும் காட்டுவோர் மறுபுறம் என்பதே நம் வழக்கம். ஆசிரியர் இரண்டையும் காட்டி, நடுவில் 8ஆம் அதிகாரத்தையும் வைத்தார். பெந்தெகொஸ்தே நாளில் மனந்திரும்புதல், ஞானஸ்நானம், ஆவியின் வரம் என்ற வரிசை. சமாரியாவில் ஞானஸ்நானம் பெற்றவர்கள்மேல் ஆவியானவர் இன்னும் இறங்கவில்லை. கொர்நேலியுவின் வீட்டில் ஆவியானவர் முதலில் இறங்க, தண்ணீர் பின்னால் வந்தது. ஞானஸ்நானம் பெற்ற மாயவித்தைக்காரன் சீமோனின் இருதயம் செம்மையாயிருக்கவில்லை என்று பேதுருவே சொல்கிறார். சிலுவையில் தொங்கிய கள்ளனோ தண்ணீரைக் காணாமலே பரதீசின் வாக்கைப் பெற்றான். ஒரே வரிசையை எல்லார்மேலும் சட்டமாகச் சுமத்த இந்தப் பகுதிகள் இடங்கொடுப்பதில்லை என்று நான் நினைக்கிறேன். அதேவேளை, விசுவாசித்த எவரும் ஞானஸ்நானத்தை அற்பமாக எண்ணி ஒதுக்கியதாகவும் அந்த நூலில் இல்லை.

நம் மாவட்டத்தின் வரலாற்றை ஆசிரியர் பாடத்துக்குள் கொண்டுவந்தது மிகுந்த பயனளித்தது. புனித சவேரியார் 1544இல் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்குக் கொடுத்ததாகக் கடிதம் எழுதினார். அவசரத்தில் செய்தது என்று பலரும் தள்ளிவிடும் நிகழ்வு அது. ஆனால் விசுவாசப் பிரமாணத்தைத் தமிழில் சொல்லிக்கொடுத்து, விசுவசிக்கிறீர்களா என்று கேட்டு, பதில் பெற்ற பிறகே அவர் தண்ணீர் ஊற்றினார் என்பதும் அதே கடிதத்திலிருந்து தெரிகிறது. நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளையின் பாதை வேறு. 1741இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயிடம் கிறிஸ்துவைப் பற்றிக் கேட்டு, விசுவாசித்து, அதன் பிறகு 1745 மே 14இல் வடக்கன்குளம் சென்று திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுடப்பட்டு உயிர்நீத்தார். 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். டிலனாயோடு பேசிய நாள்களிலேயே அவர் மறுபடியும் பிறந்துவிட்டாரா, வடக்கன்குளத்திலா என்று ஆசிரியர் கேட்டபோது மண்டபத்தில் எழுந்த விவாதம், எந்தப் பாடநூலும் கொடுக்க முடியாதது. திருமுழுக்குக்கு முன்பே இறந்திருந்தால் அவருடைய விருப்பமே போதுமானதாயிருந்திருக்கும் என்று கத்தோலிக்கப் போதனையே ஏற்கிறது என்பதை ஒரு கன்னியாஸ்திரீ அமைதியாக எடுத்துச் சொன்னார்.

கேள்வி நேரத்தில் ஒரு தாய் எழுந்து, "ஐயா, ஞானஸ்நானம் குடுக்கதுக்கு முன்னமே எம் பிள்ள போயிட்டு. அது எங்க இருக்கும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை ஆசிரியர் விவாதப் பொருளாக்கவில்லை என்பதற்காகவே அவரை மதிக்கிறேன். ஞானஸ்நானமின்றி இறக்கும் குழந்தைகளைத் தேவனுடைய இரக்கத்திடம் ஒப்படைப்பதாகக் கத்தோலிக்க மறைக்கல்வி நூல் கூறுவதையும், சிசுப் பருவத்தில் இறந்த பிள்ளைகளின் இரட்சிப்பைக் குறித்து விசுவாசமுள்ள பெற்றோர் சந்தேகப்பட வேண்டியதில்லை என்று டார்ட் மாநாடு எழுதிவைத்ததையும் எளிய சொற்களில் சொல்லிவிட்டு, அவருக்காக ஜெபம் செய்த பிறகே பாடத்தைத் தொடர்ந்தார்.

இனி குறைகள். தண்ணீர் ஞானஸ்நானமே இல்லாத சபை நம் நடுவில் இருக்கிறது. 1883இல் அதன் நிறுவனர் வில்லியம் பூத் திருவிருந்தையும் ஞானஸ்நானத்தையும் கைவிட்டதிலிருந்து இரட்சணிய சேனை அவ்வாறே நடந்துவருகிறது. நாகர்கோவில் கேத்தரின் பூத் மருத்துவமனையை அறியாதவர் இங்கே யார்? உள்ளான மறுபிறப்பே போதும் என்ற அவர்களுடைய நிலைப்பாடு முழு மாலைக்குரியது. அது இடைவேளைக்கு முந்திய பத்து நிமிடங்களில் முடிந்துபோனது. குழந்தைகளின் ஞானஸ்நானத்தை விடாமல் வைத்துக்கொண்டே, ஞானஸ்நானம் பெற்ற பெரியவர்களுக்கும் புதுப்பிறப்பு வேண்டும் என்று பிரசங்கித்த, மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும் குறிப்பேட்டில் ஒரு வரியோடு நின்றுவிடுகிறார்.

இதைவிடப் பெரிய குறை, மறுஞானஸ்நானத்தைப் பற்றித் தனிப் பாடம் இல்லாததுதான். குழந்தையாயிருந்தபோது தெளிப்பு ஞானஸ்நானம் பெற்ற ஒருவர் பின்னர் முழுக்கு எடுத்தால், முந்தையது ஞானஸ்நானமே அல்ல என்று ஒரு சபையும், பிந்தையது தேவனுடைய வாக்கை மறுதலிப்பது என்று மற்றச் சபையும் சொல்லும். நம் வீடுகளில் கண்ணீர் சிந்தப்படுவது மறுபிறப்பின் வரிசைமுறைக்காக அல்ல, இதற்காகத்தான். அடக்க ஆராதனை எந்தச் சபையில், கல்லறை எங்கே என்பது வரை இது நீள்கிறது. பொருளின் வேரை இவ்வளவு நன்றாகத் தோண்டிக் காட்டிய ஆசிரியர் இந்தக் கிளையைத் தொடாமல் விட்டது எனக்கு வருத்தம்.

மண்டபத்தில் வண்டி நிறுத்த இடம் குறைவு. பேருந்தில் வருவது நல்லது. மின்விசிறிச் சத்தத்தில் பின்வரிசைக்குப் பேச்சு சரியாகக் கேட்பதில்லை. திடப்படுத்தல் வகுப்பு முடித்த இளையோர், ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், கலப்புச் சபைக் குடும்பத்தில் திருமணம் நிச்சயமானவர்கள் ஆகியோர் தயங்காமல் சேரலாம். தம்பதியராக வருவோர் ஒரே குறிப்பேட்டைப் பகிர்ந்துகொள்ளாமல் ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொள்ளட்டும். ஓரத்தில் எழுதுவதற்கு நிறைய இருக்கும். அடுத்த சுற்று ஈஸ்டருக்குப் பிறகு தொடங்கும் என்று அறிவித்திருக்கிறார்கள், மறுஞானஸ்நானத்துக்கு ஒரு மாலையை ஒதுக்கும்படி கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.