லீவில் வந்து மனை வாங்குகிறவர்களுக்கு: வில்லங்கத்தில் கடன், கையில் அசல் பத்திரம் இல்லை

வெளிநாட்டிலிருந்து சில வார விடுமுறையில் தமிழ்நாட்டுக்கு வந்து இடம் பார்ப்பவர்களிடம் தரகர்கள் முதலில் விசாரிப்பது, எப்போது திரும்பிப் போகிறீர்கள் என்பதைத்தான். அந்தத் தேதி தெரிந்துவிட்டால் எல்லாம் அவசரமாகிவிடும். "சின்ன லோன் ஒண்ணு இருக்கு, பத்திரம் எங்கேயோ தவறிப்போச்சு, அதனாலதான் இந்த விலை" என்ற பேச்சும் அப்போதுதான் வரும். இதில் கடனைக் கண்டு மிரள வேண்டாம். பத்திரம் இல்லை என்பதற்குத்தான் நிற்க வேண்டும். பதிவான கடன் கண்ணுக்குத் தெரியும், கட்டி முடிக்கலாம். காணாமல் போன பத்திரத்துக்குப் பின்னால் எங்கும் பதிவாகாத இன்னொரு கடன் இருக்கக்கூடும்.

முதலில் நல்ல செய்தி. பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்க விவரத்தை வெளிநாட்டில் இருந்தபடியே பார்க்கலாம். பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் எல்லாம் வருவாய்த்துறையின் இ-சேவைத் தளத்தில் கிடைக்கின்றன. ஆகவே ஊருக்குக் கிளம்பும் முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். குறைந்தது 30 ஆண்டு வில்லங்கம் பாருங்கள். தேடும்போது இரண்டு இடத்தில் தவறு நடக்கிறது. ஒன்று, நிலம் உட்பிரிவு ஆகியிருக்கும். இன்றைய உட்பிரிவு எண்ணை மட்டும் போட்டால் தாய் சர்வே எண்ணில் போட்ட அடமானம் வராது. பழைய எண்ணிலும் தேட வேண்டும். இரண்டு, அந்தக் கிராமம் முன்பு வேறு சார்பதிவாளர் அலுவலகத்தின் எல்லையில் இருந்திருக்கலாம். அங்கேயும் பார்க்க வேண்டும். தளத்தில் இல்லாத பழைய காலத்துக்கு அலுவலகத்தில் மனு போட்டு வாங்கலாம்.

வில்லங்கத்தில் அடமானத்தைக் குறிக்கும் ஈடு, போக்கியம், உரிமை ஆவண ஒப்படைப்பு (பேச்சுவழக்கில் எம்.ஓ.டி.) என்று ஒரு வரி இருந்தால், அதற்குச் சோடியாக, கடன் தீர்ந்தது என்று காட்டும் ஒரு ரசீது ஆவணம் பின்னால் பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அந்தக் கடன் உயிரோடு இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். "பழைய கடன், யாரும் கேட்கவில்லை" என்பது பதில் ஆகாது. அடமானச் சொத்தை விற்று வசூலிக்க வழக்குப் போட, பணம் கட்ட வேண்டிய நாளிலிருந்து 12 ஆண்டு அவகாசம் உண்டு. இடையில் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தாலோ ஒரு பகுதி கட்டியிருந்தாலோ அந்தக் கணக்கு புதிதாகத் தொடங்கக்கூடும். பதிவான ஆவணத்தை வாங்குபவர் அறிந்தவராகவே சட்டம் கருதும். எனக்குச் சொல்லவில்லை என்று பிறகு வாதாட முடியாது. அடமானம் ஆளோடு போவதில்லை, நிலத்தோடு வரும்.

வங்கிக் கடன் உள்ள இடத்தை ஒழுங்காக வாங்க வழி இருக்கிறது. விற்பவர் தன் வங்கியிடமிருந்து இரண்டு கடிதம் வாங்கித் தர வேண்டும்: இன்ன தேதி வரை கட்ட வேண்டிய மொத்த நிலுவை, வங்கி வசம் உள்ள அசல் ஆவணங்களின் பட்டியல். மூன்றாவதாக ஒன்றையும் எழுத்தில் கேளுங்கள், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: இதே பத்திரத்தின் மேல் வேறு கடனோ, டாப்-அப்போ (அதே கடனில் வாங்கிய கூடுதல் தொகை), பிறருக்குக் கொடுத்த ஜாமீனோ உண்டா? வீட்டுக் கடனை அடைத்த பிறகும் தொழில் கடனுக்காக வங்கி பத்திரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டால், உங்கள் பணம் போய்விடும், பத்திரம் வராது. நிலுவைத் தொகையை விற்பவர் கையில் கொடுக்காமல், அவருடைய கடன் கணக்கின் பெயருக்கே டி.டி. எடுத்துக் கட்டுங்கள். வங்கி அசலைத் திருப்பித் தந்து, ரசீது ஆவணம் பதிவாகி, அது வில்லங்கத்தில் ஏறியதைப் பார்த்த பிறகு கிரயம். அதிகபட்சம் இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளலாம். அப்போதும் ரசீதுதான் முதலில்.

"லோன் எப்பவோ முடிஞ்சது, பேங்க் இன்னும் பத்திரம் தரல" என்றால் நம்பத் தயங்குங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2023 டிசம்பர் 1 முதல், கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தந்து அடமானப் பதிவையும் நீக்க வேண்டும். தங்கள் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. வங்கியே தொலைத்திருந்தால் நகல் எடுக்க உதவ வேண்டும், அதற்குக் கூடுதலாக 30 நாள். ஆக, உண்மையில் வங்கியின் தவறு என்றால் விற்பவரிடம் வங்கி எழுதிக் கொடுத்த கடிதம் இருக்கும்.

இனி, பத்திரம் இல்லாத விஷயம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 58-ஆவது பிரிவின்படி, சென்னையிலும் அரசு அறிவித்த பிற ஊர்களிலும், கடனுக்காகப் பத்திரத்தைக் கையில் ஒப்படைத்தாலே அடமானம் உண்டாகிவிடும். எழுத்தே இல்லாமல் ஒப்படைத்தால் பதிவு செய்ய ஒன்றுமில்லை, வில்லங்கத்திலும் வராது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் வைக்கும் இத்தகைய அடமானத்தைச் செர்சாய் என்ற மத்தியப் பதிவகத்தில் சிறு கட்டணம் கட்டித் தேடலாம். ஆனால் ஊரில் வட்டிக்கு விடும் தனியார் அங்கே இருக்கமாட்டார். "தொலைந்த" பத்திரம் அவர் பீரோவில் இருந்தால், உங்கள் கிரயம் முடிந்த மறுமாதம் அவர் வந்து நிற்பார்.

தொலைந்தது உண்மைதான் என்றால் அதற்கான தடம் இருக்க வேண்டும்: காவல் நிலையப் புகார், கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்று, நாளிதழ் விளம்பரம், சார்பதிவாளர் அலுவலகத்தின் சான்றிட்ட நகல். புகார் தேதியைப் பாருங்கள். உங்களிடம் விலை பேசிய பிறகு கொடுத்த புகாருக்கு மதிப்பு குறைவு. சான்றிட்ட நகலை மட்டும் காட்டினால் அது எதையும் நிரூபிக்காது. அசல் அடகில் இருக்கும்போதும் நகல் கிடைக்கும். இவை தவிர உங்கள் வழக்கறிஞர் பெயரில் தனியாக ஒரு பொது அறிவிப்பு, அந்த ஊரில் அதிகம் படிக்கும் நாளிதழில், 15 நாள் அவகாசத்தோடு வரட்டும். இதை ஊருக்கு வரும் முன்பே செய்துவிடலாம்.

நியாயமான காரணங்களும் உண்டு. பாகப்பிரிவினையில் மூலப்பத்திரம் மூத்தவரிடம் இருக்கும். யாரிடம் என்று பாகப்பத்திரத்திலேயே எழுதியிருக்கும். மனைப்பிரிவில் தாய்ப்பத்திரம் மனை போட்டவரிடம் இருக்கும். அப்போது அவரிடமே போய் அசலைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஆனால் விற்பவரின் சொந்தக் கிரயப் பத்திரமே இல்லை, வில்லங்கத்திலும் ரசீதில்லாத கடன் நிற்கிறது என்றால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் ஒரு ரூபாய் அட்வான்ஸ்கூடத் தராதீர்கள்.

"ரெஜிஸ்டர் ஆபீஸ்லயே பதிவு பண்ணிட்டாங்களே" என்பது ஆறுதல் இல்லை. பதிவின்போது முந்தைய அசல் பத்திரத்தைக் காட்டச் சொன்ன தமிழ்நாடு பதிவு விதி 55-அ 2022-இல் வந்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது சார்பதிவாளர் வேலை அல்ல என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. அது உங்கள் வழக்கறிஞர் வேலை. தரகர் காட்டும் வழக்கறிஞரோ விற்பவரின் பத்திர எழுத்தரோ அதற்கு உதவமாட்டார்கள்.

அட்வான்ஸ் தருவதாக இருந்தால் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். ரொக்கம் கேட்டால் மறுத்துவிடுங்கள். சொத்துக்காக 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. ரசீது ஆவணம் பதிவாகும் முன் லீவு முடிந்துவிட்டால், உங்கள் சார்பில் கையெழுத்திட நம்பகமான ஒருவருக்கு இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பவர் (அதிகாரப் பத்திரம்) அனுப்பலாம். அது இந்தியா வந்த 3 மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். கடன் ரசீது பதிவான பிறகே கிரயம், மீதிப் பணம் விற்பவரின் வங்கிக் கணக்குக்கே என்ற இரண்டு நிபந்தனையையும் அந்தப் பவரிலேயே எழுதிவிடுங்கள்.